பெருநாளன்று வெயிலை மூடிய கதை

கல்முனைப் பக்கத்தில் சூடு விற்றுப் பிழைத்தவன் நான். இதைச் சொன்னாலே என் மச்சான்மார் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். "மச்சான், கடற்கரையில போய் நிண்டா சும்மா கிடைக்கிற சாமான நீங்க விக்கிறயா?" என்று கேட்பார்கள். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்பார்கள் என்பதால் பதில் சொல்வது எனக்கும் கஷ்டம்தான்.

புதிதாகச் சோலர் வேலைக்கு வந்திருக்கும் உங்களோடு கதைக்கும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். குழாயின் அளவு, வால்வின் வகை, பூட்டும் முறை எல்லாவற்றையும் வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் அவற்றைத் தொடமாட்டேன். தொட்டால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். ஓய்வுபெற்றவன் என்பதால் உங்களுக்கு முன்னமே நான் தூங்கிவிடுவேன். ஆகவே நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த ஊர்களில் வீட்டைச் சூடாக்க யாருக்கும் தேவையில்லை. ஆனால் நெல் அவிக்கச் சூடு வேண்டும். பேக்கரியில் பாண் போடச் சூடு வேண்டும். நூலுக்குச் சாயம் ஏற்றக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வேண்டும். அதற்கெல்லாம் காலங்காலமாக விறகு எரித்தோம், பிறகு டீசல் எரித்தோம். எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற காலத்தில்தான் எல்லோரும் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தார்கள். அதுவரை நான் வாசல் வாசலாகப் போய்ச் சோலர் பற்றிச் சொன்னபோது எனக்குப் பால் விடாத பிளேன்டி தந்து அனுப்பியவர்கள், பிறகு என் வாசலுக்கு வந்தார்கள். நானும் பிளேன்டி கொடுத்தேன்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் மருதமுனை ஜெஸீமா ராத்தா. என்னைவிட இளையவர்தான், ஆனால் ஊருக்கே அவர் ராத்தா, அதாவது அக்கா. கைத்தறி நூலுக்குச் சாயம் போடும் பட்டறை அவருடையது. கணவர் மவுத்தான பிறகு பட்டறையைத் தனியாக நடத்தி வந்தார். அறுகம்பேயில் வெளிநாட்டுக்காரர் தங்கும் ஒரு ஹோட்டல் அவரிடம் மேசைவிரிப்புகளும் படுக்கைவிரிப்புகளும் வாங்கத் தயாராக இருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. சாயம் போடுவதற்கு டீசலும் எரிக்கக் கூடாது, காட்டு விறகும் எரிக்கக் கூடாது.

"காக்கா, இவங்களுக்கு விரிப்பு வேணுமா, வானம் வேணுமா?" என்று ராத்தா என்னைக் கேட்டார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்.

"ரெண்டும் வேணுமாம், தங்கச்சி."

"அப்ப ரெண்டையும் குடுப்பம்."

அவர் பட்டறைக் கூரையில் கண்ணாடிக் குழாய்களை வரிசையாகப் பூட்டினோம். குழாய்களுக்குள் தண்ணீர், அவற்றின் தலைமாட்டில் ஒரு தண்ணீர்த் தாங்கி. வெயில் பட்டால் குழாயிலுள்ள தண்ணீர் சூடாகித் தாங்கிக்கு ஏறும். அந்தத் தண்ணீர் சாயக் கிடாரத்துக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். மீதிச் சூட்டை உமி அடுப்பு கொடுக்கும். உமி என் ஊரான நற்பிட்டிமுனை மில்லில் இருந்து வந்தது. போன போகத்தில் நெல் காற்றிலிருந்து எடுத்த கரிவாயுவைத்தான் உமி எரியும்போது காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கிறது, புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று ராத்தாவுக்கு விளக்கினேன். "எடுத்தத வைக்கிற. நல்ல பழக்கம்தான்" என்றார். இவ்வளவு சுருக்கமாக அந்தப் பாடத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

இதில் சந்தோஷப்படாத ஒரே ஆள் அடுத்த வளவு ஹனீபா காக்கா. அவரும் சாயப் பட்டறைக்காரர்தான். விறகுக்காரர். அவருடைய வளவில் விறகு கூரை உயரத்துக்கு அடுக்கியிருக்கும். சூரியனோடு அவருக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் அது ஜெஸீமாவுக்கு வேலை செய்வதை அவரால் தாங்க முடியவில்லை. "ஜெஸீமா கூரையில டியூப் லைட்ட அடுக்கி வெச்சிரிக்கா. ரவைக்குப் பாத்தா ஒண்டும் பத்துதில்ல" என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லிச் சிரிப்பார். என்னைக் கண்டால் "சுடுதண்ணிக் காக்கா வாறார்" என்பார். அந்தப் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. இன்றும் மருதமுனையில் என் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

மழைக்காலத்துக்கு எல்லோரும் பயந்தோம். முகில் போட்டால் என்ன செய்வது, மாரி முழுக்க எப்படி ஓட்டுவது என்று கூட்டம் கூட்டமாக இருந்து கதைத்தோம். மாரி வந்தது. உமி அடுப்பு கூடுதலாக எரிந்தது. மாரி போனது. ஒரு கரைச்சலும் இல்லை. கரைச்சல் வந்தது நோன்புப் பெருநாளில். அதுவும் முகிலே இல்லாத, பளிச்சென்ற ஒரு பெருநாளில்.

பள்ளியில் தொழுதுவிட்டு வந்து, வீட்டில் வட்டிலப்பத்துக்குக் கரண்டியை வைக்கும் நேரம் தொலைபேசி அடித்தது. ஜெஸீமா ராத்தா.

"ஈத் முபாரக், காக்கா. கூரை மேல விசிலடிக்கி."

"என்ன விசில்?"

"குக்கர் விசில் மாதிரி. ஆனா பெரிய குக்கர். நிக்கிறதா இல்ல."

என் கரண்டி பாதி வழியில் நின்றது. நோன்பின் கடைசி நாட்களில் பட்டறை மூடிக் கிடந்தது எனக்குத் தெரியும். சூடான தண்ணீரை எடுக்க ஆளில்லை. வெயிலுக்கு அது தெரியாதே. அது தினமும் காலையில் வந்து ஒழுங்காகத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. பட்டறை மூடும் நாட்களில் குழாய்களைப் போர்த்துவதற்கென்றே தடித்த கவர் ஒன்று கொடுத்திருந்தோம்.

"தங்கச்சி, கவரப் போட்ட தானே?"

மறுபக்கத்தில் விசில் மட்டும் கேட்டது.

"கவரு..." என்று இழுத்தார் ராத்தா. "நாவிதன்வெளியில எங்கட வயலுக்கு வெட்டு நடந்த. மழ வாற மாதிரி இருந்திச்சி. நெல்ல மூட எடுத்துப் போன."

"மழ வந்தயா?"

"வரல்ல."

"அப்ப கவர் எங்க?"

"நெல்லுக்கு மேல."

பிறகுதான் முக்கியமான கேள்வியைக் கேட்டேன். "தண்ணிப் பம்பு ஓடுதா?"

"லீவுதானே எண்டு முந்தநாளே நிப்பாட்டிட்டன். இப்ப போடயா?"

"வேணா!" என்று நான் கத்திய கத்தலில் என் மனைவி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "என்ன நடந்தாலும் பம்பப் போட வேணா. ஒருத்தரையும் போட விட வேணா. நான் வாறன்."

உங்களுக்குப் புரிந்திருக்கும். தாங்கியில் இருந்த தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்க்கொண்டிருந்தது. நிரப்பப் புதுத் தண்ணீர் வரவில்லை. எங்கள் கடலோரத் தண்ணீரின் உப்புப் படிந்து ஆவி போகும் குழாயின் வாய் சுருங்கியிருந்தது, அதனால்தான் விசில். தண்ணீர் இறங்க இறங்கக் கண்ணாடிக் குழாய்கள் காய்ந்து தீயாகச் சுட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பம்பைப் போட்டுக் கிணற்றுத் தண்ணீரை உள்ளே விட்டால் குழாய்கள் வெடிக்கும். கண்ணாடித் துண்டும் கொதிநீரும் கூரைச் சரிவு வழியே நேராக ஹனீபா காக்காவின் வளவுக்குப் போகும்.

அன்று ஹனீபா காக்காவின் வளவில் விருந்து.

மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போதே கண்டேன். மகளுக்குக் கல்யாணம் முடித்து வந்த முதல் பெருநாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு இருக்கிறார். மாப்பிள்ளையின் வாப்பா சாய்ந்தமருதில் இருந்து குடும்பத்தோடு வந்திருக்கிறார். வளவின் குறுக்கே பெரிய நீலத் தறப்பாள் ஒன்றைக் கட்டி, அதன் நிழலில் பாய் விரித்து, சம்பந்தியாரை நடுவில் இருத்தியிருந்தார்கள். அவர்களுக்குச் சரியாக மேலே என் கண்ணாடிக் குழாய்கள் வெள்ளைப் புகையை விட்டு விசிலடித்துக்கொண்டிருந்தன.

ஹனீபா காக்கா ஓடி வந்தார். "இஞ்ச பாரு! நான் அண்டைக்கே சொன்ன! என்ட சம்மந்திக்கு முன்னால என்ன மானங்கெடுத்தவே இத ஒழுங்கு செஞ்ச!"

"காக்கா, மறுகா ஏசுங்க. இப்ப எல்லாரையும் ஒழுப்புங்க. அந்தச் சுவர்ப் பக்கம் ஒருத்தரும் இரிக்கக் கூடாது."

"சோறு போடப் போறம்!"

"சோத்தையும் ஒழுப்புங்க."

பிள்ளைகளே, இதை மட்டும் மனதில் வையுங்கள். போனதும் குழாயைப் பார்க்காதீர்கள், தாங்கியைப் பார்க்காதீர்கள். கீழே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சாமானை எப்போதும் திருத்தலாம். ஆனால் எழும்பச் சொல்வது லேசான வேலையில்லை. பெருநாளன்று, விருந்துப் பாயில், கூடியிருந்து உண்ணும் சோற்றுத் தட்டமான சஹன் வரும் நேரத்தில் இருக்கிற சம்பந்தியாரை எழும்பச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

"எங்க ஒழுப்பி எங்க வைக்கிற? என்ட வளவு முழுக்க விறகு!" என்றார் ஹனீபா காக்கா. அது உண்மை. தறப்பாள் கட்டிய இடத்தைத் தவிர மீதி எல்லாம் விறகு.

வேலிக்கு அப்பால் இருந்து ஜெஸீமா ராத்தாவின் குரல் வந்தது. "என்ட பட்டறைக்க கூட்டி வாங்க. அங்கால மூலையில, கூரைக் குழாய்க்குத் தூரமா நல்ல நிழல் இரிக்கி. பாய் நான் போடுறன்."

அந்த இரண்டு வளவுக்காரரும் ஒருவருடைய வாசலை ஒருவர் மிதித்து எத்தனை காலமோ. ஹனீபா காக்கா ஒரு கணம் வேலியைப் பார்த்தார். ஒரு கணம் கூரையைப் பார்த்தார். அந்த நேரம் குழாய் வழக்கத்தைவிடப் பெரிதாக ஒரு விசில் விட்டது. "ஒழும்புங்க எல்லாரும்! சஹனத் தூக்குங்க!" என்றார்.

ஆட்கள் போய்விட்டார்கள். இனிச் சாமான். வெயிலை நிறுத்த யாராலும் முடியாது, மூட மட்டும்தான் முடியும். கவர் நாவிதன்வெளியில். நான் சுற்றிப் பார்த்தேன். ஹனீபா காக்காவும் என் கண் போகும் திசையைப் பார்த்தார்.

"தறப்பாளத் தர ஏலா" என்றார், நான் கேட்பதற்கு முன்னமே.

"கீழ ஆக்கள் இல்லயே காக்கா இப்ப."

"வாடகைச் சாமான் அது. கிழிஞ்சா?"

"காக்கா, குழாய் வெடிச்சா முதல்ல தறப்பாளுக்குத்தான் விழும். கட்டின இடத்திலயே கிழியும்."

இந்த நியாயம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளை தறப்பாளின் கயிறுகளை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். பெருநாளுக்கு வாங்கிய புதுச் சேட்டு, மடிப்புக் கலையாத சாரம். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "நான் ஏறுறன், காக்கா. என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்க" என்றார்.

"மாப்பிள!" என்று மாமனார் அதிர்ந்தார். புது மாப்பிள்ளையைக் கூரையில் ஏற்றிய குடும்பம் என்ற பெயர் ஊரில் எப்படி ஒலிக்கும் என்று அவர் யோசித்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் கதவு மறைவில் நின்ற மகளின் முகத்தில் வேறு விதமான யோசனை தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த மாப்பிள்ளையைத் தடுக்க யாராலும் முடிந்திருக்காது.

நானும் அவருமாக ஏறினோம். ஆவி அடிக்கும் பக்கத்தை விட்டு, மறுபக்கமாக. தறப்பாளின் ஒரு நுனியை அவர் பிடிக்க, நான் மறுநுனியை இழுக்க, குழாய்களைத் தொடாமல் சட்டத்துக்கு மேலே போர்த்திக் கட்டினோம். தொட்டிருந்தால் கை அங்கேயே ஒட்டியிருக்கும். நீலத் தறப்பாள் விரிந்ததும் கூரை திடீரென்று இருண்டு அடங்கிய மாதிரி இருந்தது. விசில் நிற்கவில்லை, ஆனால் சற்றுச் சுருதி இறங்கியது. மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். புதுச் சேட்டு முழுக்க உமி அடுப்பின் கரி.

இறங்கி வந்தேன். அபாயம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் உண்மையான அபாயம் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. சம்பந்தியார்.

சம்பந்தியார் சாய்ந்தமருதில் ஆழ்கடலுக்குப் போகும் போட்டுக்காரர். இரண்டு போட். இயந்திரங்களோடு வாழ்ந்தவர். குரலும் இயந்திரத்துக்கு மேலால் கேட்டுப் பழகிய குரல். வெள்ளை வெளேரென்ற சேட்டோடு பம்புச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ன தம்பி, மூடி வெச்சா சூடு போகுமா? எஞ்சின் சூடானா நாங்க என்ன செய்யிற? தண்ணிய ஊத்துற. சுறுக்கா பம்பப் போடு."

"வேணா, ஹாஜி."

"உள்ளுக்குத் தண்ணி இல்லாமத்தான் இந்தச் சத்தம். எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் ஆபத்து. முழுப்பிழையாகப் பேசுகிறவரை யாரும் நம்பமாட்டார்கள். பாதி சரியாகப் பேசுகிறவர், அதுவும் சம்பந்தியார், அதுவும் உரத்த குரலில் பேசினால் ஊரே அவர் பக்கம் நிற்கும். நின்றது. "ஓம், தண்ணி விட்டாத்தான் அடங்கும்" என்றார் ஹனீபா காக்கா. வீதியில் இருந்து வந்து சேர்ந்தவர்களும் தலையாட்டினார்கள். "ஏதாச்சும் செய்யுங்களேன்!" என்று பெண்கள் பக்கத்தில் இருந்து குரல். சம்பந்தியாரின் கை சுவிட்சை நோக்கிப் போனது.

அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை கிடந்தது. அதை இழுத்துச் சுவிட்சுக்கு முன்னால் போட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேறு எதுவும் தோன்றவில்லை. நின்றிருந்தால் என்னைத் தள்ளியிருப்பார்கள். உட்கார்ந்திருக்கிற, நரை விழுந்த ஓர் ஆளைப் பெருநாளன்று தூக்கி எறிய யாருக்கும் மனம் வராது. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் செய்த மிக உறுதியான வேலை அந்தக் கதிரையில் உட்கார்ந்ததுதான். பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. "கூரை விசிலடிக்கி, இந்த ஆள் கதிரை போட்டு இரிக்கார்!" என்று யாரோ சொன்னார்கள்.

சம்பந்தியாரின் முகம் சிவந்தது. அவரைத் தோற்கடித்தால் ஹனீபா காக்காவின் வீட்டில் பெருநாளே கெட்டுவிடும். வெல்லவிட்டால் குழாய்கள் வெடிக்கும். ஆகவே அவருக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டேன்.

"ஹாஜி, முந்தி போட்டில லாம்பு கொண்டு போன காலம் ஞாபகம் இரிக்கா?"

"ஏன் இல்லாம?"

"லாம்பு நல்லா எரியக்குள்ள சிமினியில கடல்தண்ணி தெறிச்சா?"

"வெடிச்சிரும். எத்தின சிமினி அப்பிடிப் போன..." அவர் நிறுத்தினார். மெதுவாகக் கூரையைப் பார்த்தார். தறப்பாளின் ஓரத்தில் கண்ணாடிக் குழாயின் நுனி ஒன்று தெரிந்தது. "கூரை மேல இரிக்கிறது எஞ்சின் இல்ல. சிமினி" என்றார்.

"ஓம் ஹாஜி. அவ்வளவும் சிமினி."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். அதே உரத்த குரலில், "ஒருத்தரும் பம்பப் போட வேணா! கண்ணாடி வெடிக்கும்! விளங்குதா?" என்று அதட்டினார், ஏதோ இவ்வளவு நேரமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர் போல. எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் அதை எனக்காகக் கத்தினால் என் தொண்டைக்கு ஓய்வு.

அடுத்து என்ன செய்வது என்று கேட்டார்கள். ஒன்றும் செய்வதில்லை என்றேன். எதுவரைக்கும்? வெயில் இறங்கும் வரைக்கும். இளம் ஆட்களுக்கு இந்தப் பதில் சொல்லப் பயம். எதையாவது பிடித்துத் திருகிக்கொண்டிருந்தால்தான் சம்பளத்துக்கு வேலை செய்கிற மாதிரி இருக்கும். காத்திருப்பதும் ஒரு வேலை. அதைச் செய்யும்போது மற்றவர்களின் கையைக் கட்டி வைப்பதுதான் அதில் கடினமான பகுதி. கையைக் கட்ட மிகச் சிறந்த கயிறு புரியாணி. நல்லகாலமாக அது தயாராக இருந்தது.

அப்படித்தான் ஹனீபா காக்காவின் மகளுடைய பெருநாள் விருந்து ஜெஸீமா ராத்தாவின் சாயப் பட்டறையில் நடந்தது. மேலே கம்பிகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக நூல் கற்றைகள் காய்ந்து தொங்க, கீழே பாய்களில் சஹனைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். கல்யாண மண்டபத்துக்குக் கூட இப்படி அலங்காரம் செய்யவில்லை என்று மாப்பிள்ளையின் உம்மா சொன்னார். ராத்தா தன் வீட்டுக் கறி ஆணத்தையும் இனிப்புத் தொதலையும் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தியார் சாப்பிட்டுவிட்டு வசதியாகப் பின்னால் சாய்ந்தார். அவர் சாய்ந்தது சாயக் கிடாரம். எழும்பியபோது அந்த வெள்ளைச் சேட்டின் முதுகில் இலங்கைத் தீவின் அளவுக்கு நீலம். ஹனீபா காக்கா என்னைப் பார்த்தார். நான் ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா கூரையைப் பார்த்தார். மற்றவர் சொல்வார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட, அவர் அந்த நீலத்தோடேயே அஸர் தொழப் பள்ளிக்குப் போய் வந்தார்.

இதற்கிடையில் ராத்தா என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார். "காக்கா, உண்மையச் சொல்லுங்க. குழாய் எல்லாம் போச்சா? பெருநாள் முடிஞ்ச கையோட ஹோட்டலுக்குச் சாமான் அனுப்ப வேணும். இது ஓடாட்டி ஹனீபா காக்காக்கிட்டத்தான் விறகு கேட்டுப் போகவேணும். அத விட..." என்று நிறுத்தினார்.

ஒன்றும் நடக்காது என்று சொல்லத்தான் வாய் வந்தது. சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

"தெரியா, தங்கச்சி. ஒண்டு ரெண்டு கீறியிருக்கலாம். தண்ணி விட்டாத்தான் விளங்கும். ஆனா உமி அடுப்புக்கு ஒண்டும் ஆகல்ல. நாளையண்டைக்கு நூல் போடலாம். அது மட்டும் உறுதி."

"அப்ப விறகு வேணாம் தானே?"

"வேணாம்."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு தேத்தண்ணி ஊற்றப் போனார். வாடிக்கையாளர் கலங்கி நிற்கும்போது தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்லுங்கள். தெரிந்தது சிறியதாக இருந்தாலும் அதில் கால் வைத்து நிற்பார்கள்.

விசில் சிறிது சிறிதாக மெலிந்து நின்றது. வெயில் தென்னைகளுக்குப் பின்னால் இறங்கியது. மாப்பிள்ளையை ஏற்றித் தாங்கியின் பக்கமும் குழாய்ச் சட்டத்திலும் கை வைத்துப் பார்க்கச் சொல்லி, இன்னும் கொஞ்சம் பொறுத்து, மஃரிப் தொழுகை முடிந்து எல்லோரும் திரும்பி வந்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்பினேன்.

"தங்கச்சி, நீங்க போடுங்க" என்றேன்.

ராத்தா பிஸ்மி சொல்லிச் சுவிட்சை அழுத்தினார். பம்பு முனகியது. குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. கூரையில் ஒரு "டிக்". இன்னொரு "டிக்". சம்பந்தியார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தண்ணீர் மட்டும் ஓடியது. வேறு சத்தமில்லை. மாப்பிள்ளை யாரும் சொல்லாமலே ஏறிப் போய்த் தறப்பாளை உயர்த்திப் பார்த்து, "ஒண்டும் உடையல்ல!" என்று கத்தினார். அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரே குரலாக வந்ததில் ஹனீபா காக்காவின் குரல்தான் பெரிதாக இருந்தது. அவருக்கே அது வியப்பாக இருந்திருக்க வேண்டும். உடனே இருமினார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் பூட்டிய ஒவ்வொரு இடத்திலும் நான் கேட்ட முதல் கேள்வி மாறிவிட்டது. முன்பெல்லாம் "உங்களுக்கு எவ்வளவு சூடு வேணும்?" என்று கேட்பேன். பிறகு "உங்களுக்குச் சூடு தேவையில்லாத நாள் எது?" என்று கேட்கத் தொடங்கினேன். டீசல் அடுப்பை நிறுத்தினால் அது நிற்கும். சூரியன் உங்கள் லீவு நாட்களைக் கேட்டுவிட்டு உதிப்பதில்லை. காலநிலைக்குப் பாரமில்லாத சூடு என்று நாம் பெரிதாகப் பேசுகிறோம். அந்தச் சூட்டோடு குடித்தனம் நடத்தப் பழகுவதும் நம் வேலைதான். கவரைக் கொடுத்தால் மட்டும் போதாது, அதை நெல்லுக்குப் போர்த்திவிட்டால் என்ன ஆகும் என்றும் உட்கார்ந்து கதைக்க வேண்டும்.

லீவு முடிந்து பட்டறை திறந்த காலையில் நான் குழாய்களைப் பார்க்கப் போனேன். வானம் மந்தாரமாக இருந்தது. தாங்கி நிறையப் புதுத் தண்ணீர், வெதுவெதுப்புக் கூட இல்லை. உமி அடுப்பு முழு மூச்சாக எரிய, ஹோட்டலுக்கான முதல் நூலைக் கிடாரத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தார் ராத்தா. ஹனீபா காக்கா சுருட்டி வைத்த தறப்பாளை எடுக்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். அடுப்பைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்தது.

"என்னகா ஜெஸீமா, சூரியன் வேலைக்கு வரல்லயா?"

ராத்தா நூலில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "பெருநாளண்டும் லீவெடுக்காம வேல செஞ்ச மனிசன். இண்டைக்கு நான்தான் லீவு குடுத்த."

ஹனீபா காக்கா தறப்பாளைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர், திரும்பி வந்து, என்னைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்தே சொன்னார்.

"லீவு முடிஞ்சா, என்ட கூரைக்கும் ஒருக்கா வந்து போகச் சொல்லு."